‘சிக்கிட்’ என்ற பதில் எங்கே போகிறது?

நோயாளி தன் வாயால் சொல்லும் வலியை மின்னணுப் பதிவேட்டில் ஏற்றும் முயற்சி உலகெங்கும் வேகம் பிடித்திருக்கிறது. மலேசியாவும் தன் சுகாதாரப் பதிவேட்டைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. தஞ்சோங் கிளிங் பாட்டியின் பதிலுக்கு அதில் இடம் உண்டா?

காலை ஏழரைக்கே நாற்காலிகள் நிரம்பிவிடும். மலாக்கா டவுனிலிருந்து கிளேபாங், தஞ்சோங் கிளிங், சுங்கை ஊடாங் என்று கடலை ஒட்டிப் போகும் சாலையில் எந்த அரசு கிளினிக்கில் நுழைந்தாலும், இனிப்பு நீர் (நீரிழிவு) பார்க்கும் நாளில் இதே காட்சிதான். கையில் வரிசை எண், மடியில் மருந்துப் பை. தஞ்சோங் கிளிங்கில் எழுபதை நெருங்கும் பாட்டி ஒருவர் காத்திருக்கிறார். முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியது, பிறகு வீடமைப்பு நிறுவனத்துக்குக் கைமாறியது. இப்போது தாமானில் மகன் வீட்டில் இருக்கிறார். மகனுக்கு ஃபிரீ டிரேட் ஸோன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை.

பெயர் கூப்பிடுகிறார்கள். எடை பார்த்து, ரத்தக் கொதிப்பு பார்த்து, விரல்நுனியில் ஒரு குத்து. தாதி கனிவாகவே கேட்கிறார்: “காக்கி சக்கிட் தாக், ஆன்ட்டி?” பாட்டி சிரித்தபடி, “சிக்கிட்” (கொஞ்சம்) என்கிறார். கால் வலி பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் தமிழில் கொட்டுகிறார். ராத்திரியானால் உள்ளங்கால் எரிகிறதாம். போர்வை பட்டாலே தாங்க முடியவில்லையாம். அன்றைக்குக் கடைக்குப் போன வழியில் ஒரு செருப்பு கழன்று விழுந்திருக்கிறது, வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் தெரிந்ததாம். இந்தச் செருப்புச் சேதி எந்த மருத்துவர் காதில் விழுந்திருந்தாலும், உடனே காலை நீட்டச் சொல்லியிருப்பார். உணர்வு மரத்த பாதத்தில்தான் சின்னக் காயம் கவனிக்கப்படாமல் புண்ணாகி, புண் அழுகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் போகிறது. அந்தச் சேதி கிளினிக் பெஞ்சோடு நின்றுவிட்டது. பதிவேட்டுக்குள் போனது எடையும் கொதிப்பும் சர்க்கரையும் மட்டும்.

எண்களுக்குள் அடங்காதது

நம் சமூகத்துக்கு இது ஓரத்து விஷயம் இல்லை. 2019 தேசிய சுகாதார, நோய்ப்பாட்டு ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்றே சொல்லிவிடலாம்.

அரசு கிளினிக்குகளின் நோயாளிகளுக்காகத் தேசிய நீரிழிவுப் பதிவேடு ஒன்று 2009 முதல் இயங்குகிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றில் வந்த சிக்கல்கள் எல்லாம் அதில் சேர்கின்றன. அருமையான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவை எல்லாம் மற்றவர்கள் அளந்து எழுதுபவை. இரவில் தூங்கினாரா, கடைக்கு நடந்து போக முடிகிறதா, மருந்து வயிற்றைப் புரட்டுகிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா? இவற்றை அளக்கும் கருவி நோயாளி ஒருவரே. அவரிடம் முறையாகக் கேட்டு, அவர் சொன்னதை யாரும் திருத்தாமல் அப்படியே பதிவதைத்தான் மருத்துவ உலகம் ‘நோயாளி தானே தெரிவிக்கும் நலநிலை’ என்கிறது.

‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்பது போதாதா என்று தோன்றலாம். போதாது. இதற்கென்று சோதித்துத் தேர்ந்த கேள்வித்தாள்கள் இருக்கின்றன. ‘ஈ.கியூ-5டி’ என்பது நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், அன்றாட வேலை, வலி, மனக்கவலை என்று ஐந்தே விஷயங்களைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகள். மனச்சோர்வுக்கான ‘பி.எச்.கியூ-9’ ஒன்பது கேள்விகள். பதில்களைக் கூட்டினால் 0 முதல் 27 வரை ஒரு மதிப்பெண் கிடைக்கும். பத்தை எட்டினாலே மருத்துவர் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

> பெட்டிச் செய்தி: கேள்வித்தாளின் பாதை
>
> 1990: ஐரோப்பிய ஆய்வாளர்கள் குழு ஈ.கியூ-5டியின் முதல் வடிவத்தை வெளியிடுகிறது.
>
> 1990-களின் முற்பகுதி: உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாளைப் பல நாடுகளில் ஒரே சமயத்தில் உருவாக்குகிறது. அந்த மையங்களில் ஒன்று சென்னை. தமிழ் பேசும் நோயாளிகள் தொடக்கத்திலிருந்தே அதில் பங்காளிகள்.
>
> 2004: அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகங்கள் ‘ப்ராமிஸ்’ என்ற பொதுக் கேள்வி வங்கித் திட்டத்தைத் தொடங்குகின்றன.
>
> 2009: இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை இடுப்பு, முழங்கால் மாற்று உள்ளிட்ட அறுவைகளுக்கு முன்னும் பின்னும் நோயாளியிடமே நலம் கேட்பதை வழக்கமாக்குகிறது.
>
> 2012: எந்த நோய்க்கு எதைக் கேட்பது என்று உலகளவில் ஒத்த பட்டியல் தயாரிக்க ‘இச்சோம்’ அமைப்பு உருவாகிறது.

கேட்டதால் நீண்ட ஆயுள்

இந்தத் துறையை உலுக்கிய ஆய்வு நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் நடந்தது. பரவிவிட்ட புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 766 பேரை ஈத்தன் பாஷ் என்ற மருத்துவரின் குழு இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினர் வாந்தி, வலி, மூச்சிரைப்பு, களைப்பு என்று 12 உபாதைகளைப் பற்றிக் கணினியில் தாங்களே பதிந்து வந்தார்கள். நிலைமை மோசமானால் தாதிக்குத் தானாகவே மின்னஞ்சல் போகும்.

2017-ல் முடிவு வந்தது. தாங்களே பதிந்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம். மற்றவர்களுக்கு 26. ஐந்து மாத வித்தியாசம் புதிய மருந்து எதனாலும் வந்ததல்ல. உபாதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு தாதி போனை எடுத்தார். சிகிச்சையை நடுவில் கைவிட்டவர்கள் குறைந்தார்கள்.

அதே ஆய்வின் முந்தைய அறிக்கை 2016-ல் வந்தது. அதில் உள்ள ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். முன்பு கணினி பழக்கமே இல்லாதவர்களுக்குத்தான் இதில் கூடுதல் பலன் கிடைத்தது. ‘வயசானவங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது’ என்று நாம் கை கழுவிவிடும் அதே ஆட்கள்தான் அவர்கள்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே குழு பிறகு அமெரிக்காவின் 52 புற்றுநோய் கிளினிக்குகளில் 1,191 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வில், உடல் இயக்கமும் உபாதைக் கட்டுப்பாடும் மேம்பட்டன. ஆயுள் நீளவில்லை. ஆகவே இதை மந்திரக்கோல் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். வலி குறைந்து, நடமாட்டம் மிஞ்சினாலே எனக்கு அது போதுமான காரணம்.

காகிதம் ஏன் போதாது

கிளினிக்கில் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் என்ன? 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. நாள்பட்ட வலியுள்ளவர்களுக்கு நாட்குறிப்பு ஏடு கொடுத்தார்கள். ஏடு எப்போது திறக்கப்படுகிறது என்று பதிவு செய்யும் ஒளியுணர் கருவியை அவர்களுக்குத் தெரியாமல் உள்ளே வைத்தார்கள். உரிய நேரத்தில் எழுதியதாக நோயாளிகள் காட்டியது 90 விழுக்காடு. உண்மையில் எழுதியது 11 விழுக்காடு. மீதியெல்லாம் பின்னால் மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியவை. நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும் கையடக்க மின்கருவி வைத்திருந்தவர்கள் 94 விழுக்காடு சரியாகப் பதிந்தார்கள்.

நோயாளிகள் பொய்யர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. மூன்று நாள் முந்தைய வலியை நினைவிலிருந்து எழுத யாராலும் முடியாது.

பதிலுக்கு ஓர் அடையாள எண்

மின்னணு என்றதும் ஆளுக்கொரு செயலி கிளம்பிவிடும் ஆபத்து உண்டு. கிளினிக்கில் ஒன்று, பெரிய மருத்துவமனையில் வேறொன்று, காப்புறுதி நிறுவனத்துக்கு இன்னொன்று. ஒன்று ‘வலி 7’ என்று எழுதும், மற்றது ‘வலி: அதிகம்’ என்று எழுதும். இரண்டையும் சேர்த்து வைத்து ‘ஜூனைவிடத் தேறியிருக்கிறாரா’ என்று பார்க்கவே முடியாது. பாட்டி தஞ்சோங் கிளிங்கில் சொன்னது மலாக்கா பொது மருத்துவமனைக்குப் போய்ச் சேராது. மகன் ஜோகூருக்கு மாறினால் எல்லாம் முதலிலிருந்து.

பொதுத் தரநிலை வேண்டும் என்பது இதற்காகத்தான். தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மழைக்காலப் பாலில் தண்ணீர் அதிகம், வேனல் பாலில் குறைவு. அதனால் வாளிக் கணக்கை வைத்து எந்த ஆலையும் முடிவெடுப்பதில்லை. எந்தத் தோட்டத்துப் பாலானாலும் உலர் ரப்பர் எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகே ஒப்பிட முடியும்.

மருத்துவத் தகவலுக்கு அப்படி ஒப்பிடத்தக்க வடிவம் தருபவை முக்கியமாக இரண்டு. அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் கழகம் 1994-ல் தொடங்கிய ‘லாயிங்க்’ ஒவ்வொரு பரிசோதனைக்கும், ஒவ்வொரு கேள்விக்கும் நிரந்தர எண் கொடுக்கிறது. 1987-ல் உருவான ‘ஹெச்.எல்.7’ அமைப்பின் ‘ஃபயர்’ என்ற தரநிலை, அந்தக் கேள்வியும் பதிலும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு எந்த உருவில் போக வேண்டும் என்று வரையறுக்கிறது. கிரஹேம் கிரீவ் என்ற ஆஸ்திரேலியர் 2011-ல் முன்வைத்தது, இன்று உலகின் பெரும்பாலான புதிய மருத்துவ மென்பொருள்கள் பேசும் மொழி.

> பெட்டிச் செய்தி: ஒரு பதிலைப் பிரித்துப் பார்த்தால்
>
> பி.எச்.கியூ-9 முழுத்தாளின் லாயிங்க் எண்: 44249-1
>
> தூக்கம் பற்றிய கேள்வி: 44259-0
>
> ‘சில நாட்கள்’ என்ற பதில்: எல்.ஏ. 6569-3, மதிப்பெண் 1
>
> கேள்வி திரையில் தமிழில் வரலாம், மலாயில் வரலாம், சீனத்தில் வரலாம். பதிவேட்டுக்குள் போவது இந்த எண்களே. மருத்துவர் தன் திரையில் தனக்குத் தெரிந்த மொழியில் படித்துக்கொள்வார்.

இந்தப் பெட்டியின் கடைசி வரிகள்தாம் நமக்கு முக்கியம். ‘தமிழில் கேட்டால் யார் படிப்பது?’ என்ற கேள்வியை நாம் பள்ளிக்கூடம் முதல் காவல்நிலையம் வரை கேட்டுக் களைத்துவிட்டோம். இங்கே அந்தத் தடையே இல்லை. பாட்டி தமிழில் தொடுகிறார், மலாய் மருத்துவர் மலாயில் பார்க்கிறார், நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. தரநிலையைச் சரியாகப் பின்பற்றினால் தமிழைச் சேர்ப்பதால் மருத்துவருக்குக் கூடுதல் வேலை எதுவும் வராது. பின்பற்றாமல் ஒரு மொழியில் மட்டும் செயலியைக் கட்டிவிட்டு, பிறகு தமிழை ஒட்டவைப்பதற்குத்தான் செலவு.

மலேசியா வெறுங்கையோடு நிற்கவில்லை. 1999-ல் திறந்த செலாயாங் மருத்துவமனையே காகிதமில்லா மருத்துவமனையாகத்தான் தொடங்கியது. தேசிய சுகாதாரத் தரவுக் கிடங்கு 2017-ல் வந்தது. மருத்துவச் சொற்களுக்கான ‘ஸ்னோமெட்’ அமைப்பில் நாடு உறுப்பினர். 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுக்கத் தொடரும் மின்னணுப் பதிவேடு வேண்டும் என்கிறது. பதினைந்து ஆண்டுத் திட்டம் அது. அஸ்திவாரம் போடும் நேரத்தில் கேட்காததைக் கூரை போட்ட பிறகு கேட்டு வாங்குவது எவ்வளவு சிரமம் என்று நம் தலைவர்களுக்குத் தெரியாததல்ல.

எல்லாரும் பதில் சொன்ன ஆண்டு

நோயாளி தானே பதிவதை மலேசியர்கள் ஏற்கெனவே செய்திருக்கிறோம். 2021 ஆகஸ்ட் 26 அன்று ஒரே நாளில் 24,599 பேருக்குக் கோவிட் உறுதியானது. படுக்கை போதவில்லை. லேசான அறிகுறி உள்ளவர்கள் வீட்டிலேயே தனித்திருந்து, மைசெஜாத்ரா செயலியின் வீட்டுக் கண்காணிப்புப் பகுதியில் நாள்தோறும் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் பற்றிப் பதிய வேண்டியிருந்தது. கோவிட் மதிப்பீட்டு மையங்கள் அதைப் பார்த்தன. பெயர்தான் வேறு, அது நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே முறை.

அந்த நாட்களின் படிப்பினை கசப்பானது. கேட்பது எளிது, பார்ப்பதற்கு ஆள் வேண்டும். நெருக்கடி உச்சத்தில் மையங்கள் திணறின. வீட்டிலேயே உயிர்விட்டு, இறந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் எண்ணிக்கை தினசரி அறிக்கையிலேயே தனி வரியாக வந்தது. ‘மூச்சு வாங்குகிறது’ என்று ஒருவர் தொட்ட பிறகு, மறுமுனையில் போனை எடுக்க ஆளில்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. நியூயார்க் ஆய்வில் பலன் தந்தது திரை மட்டுமல்ல, மின்னஞ்சலைப் பார்த்த தாதியும்தான்.

2022-ல் தேசியப் பரிசோதனை முனைப்பு தொடங்கியபோது, உடல்நலத் தன்மதிப்பீட்டுப் படிவமும் மைசெஜாத்ராவுக்கு வந்தது. அதே ஆண்டு ‘மைமிண்டா’ என்ற மனநலப் பகுதியும் சேர்ந்தது. கருவி இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. அந்தப் பதில்கள் கிளினிக் மருத்துவரின் திரையில், பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் விதத்தில், பார்க்க வேண்டிய நேரத்தில் வந்து நிற்க வேண்டும். மிச்சம் இருக்கும் வேலை அது.

ஒன்பதாவது கேள்வி

பி.எச்.கியூவின் கடைசிக் கேள்வி, வாழ்வதைவிடச் சாவதே மேல் என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. மலேசியாவில் தற்கொலை முயற்சி தண்டனைச் சட்டம் 309-ம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. 2023-ல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அதற்கு முன் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எழுத ஒருவருக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும்!

சட்டம் மாறினாலும் அச்சம் உடனே மாறாது. முதலாளிக்குத் தெரிந்துவிடுமா, காப்புறுதி கட்டணம் ஏறுமா, கல்யாணத்துக்கு இருக்கும் மகளுக்குப் பாதிப்பு வருமா என்று நம் வீடுகளில் கேட்பார்கள். நியாயமான கேள்விகள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல் வந்தது, 2024-ல் திருத்தப்பட்டது. ஆனால் மத்திய, மாநில அரசுகள் அதன் வரம்புக்குள் இல்லை. அரசு கிளினிக்கில் நாம் தரும் பதிலுக்கும் அதே அளவு காப்பு வேண்டும். யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள் என்று நோயாளியே தன் கைப்பேசியில் பார்க்க முடிய வேண்டும். தரநிலையில் அந்தத் தடத்தைப் பதிவதற்கு இடம் இருக்கிறது. கட்டாயமாக்குவது அரசின் கையில்.

பேரன் பதில் சொன்னால்

நடைமுறையில் பாட்டியின் கைப்பேசியை இயக்குவது பேரன். ‘பாட்டி, கால் வலிக்குதா?’ என்று கேட்கிறான். ‘அதெல்லாம் ஒண்ணுமில்லைப்பா, நீ போய்ப் படி’ என்கிறார். ‘வலி இல்லை’ என்று தொட்டுவிட்டு அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். பேரனுக்குக் கவலை வரக்கூடாது என்று சொன்ன பதில் மருத்துவப் பதிவாகிவிடுகிறது. தூக்கம், மனச்சோர்வு, சிறுநீர் அடங்காமை பற்றிய கேள்விகள் என்றால் சொல்லவே வேண்டாம்.

இதை யோசித்தே வைத்திருக்கிறார்கள். ஃபயர் தரநிலையில் பதில்தாள் யாரைப் பற்றியது, பதில் யாருடையது, பதிந்தவர் யார் என்று மூன்று தனித்தனி இடங்கள் உண்டு. மற்றவர் சார்பில் பதில் சொல்ல ஈ.கியூ-5டிக்குத் தனி வடிவமே இருக்கிறது. இந்த மூன்று கட்டங்களையும் நிரப்பாத செயலியை நம் கிளினிக்குகள் வாங்கக் கூடாது. இதைவிட நல்லது, காத்திருக்கும் இடத்திலேயே ஒரு தொடுதிரையும் காதில் மாட்டிக்கொள்ளும் கருவியும். படிக்கத் தெரியாதவரும் தமிழில் கேட்டுத் தொடுவார். எப்படியும் ஒரு மணிநேரம் அங்கே உட்கார்ந்துதானே இருக்கிறார்!

எட்டுப் பேர்

தமிழ் வடிவம் என்றதும் சென்னையில் செய்ததை அப்படியே இறக்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கூடாது. இங்கே நாம் சொல்லும் ‘இனிப்பு நீர்’ அந்தத் தாளில் இருக்காது. மொழிபெயர்த்து, வேறொருவரை வைத்துத் திரும்ப மூலமொழிக்கு மாற்றிச் சரிபார்த்து, பிறகு உள்ளூர் மக்களிடம் படித்துக் காட்டி, ‘இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்’ என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். 2005-ல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி, அந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஐந்து முதல் எட்டுப் பேர் போதும் என்கிறது.

எட்டே பேர்! அரசு கிளினிக்குகளுக்குப் பொதுமக்கள் அடங்கிய ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. நம்மில் சிலர் அவற்றில் உறுப்பினர்களாகவும் இருக்கிறார்கள். ஒரு கோயில் மண்டபத்தில் ஒரு காலை நேரம் ஒதுக்கினால் இதை முடித்துவிடலாம். யார் யார் வேண்டும் என்று பட்டியலும் போட்டுவிடலாம். ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளர் இருவர், அதில் ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஷிப்ட் வேலை பார்க்கும் ஆலைத் தொழிலாளி ஒருவர், செம்பனைத் தோட்டத்தில் இன்னமும் இருப்பவர் ஒருவர். ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போகிறவர் ஒருவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் ஒருவர். பிள்ளை பெற்ற இளம் தாய் ஒருவர், தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு மலாயிலேயே வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர். மலாக்கா செட்டி சமூகத்தினரைக் கூப்பிட்டால் அவர்கள் மலாயில்தான் பதில் சொல்வார்கள். அது அவர்கள் வீட்டுமொழி, அவர்களுக்கு மலாய்த் தாளே சரி. மொழியைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் முதல் திரையிலேயே இருக்க வேண்டும், அமைப்புப் பக்கத்தின் அடியில் அல்ல.